ஒன்பதுக்கு எட்டு

லீவு லெட்டரில் எழுதத் தகுந்த காரணங்கள் என்று ஒரு பட்டியல் நம் ஆபீஸ்களில் எழுதப்படாத சட்டமாகவே இருந்து வருகிறது. காய்ச்சல், கிரகப்பிரவேசம், மச்சினன் கல்யாணம், பாட்டி மரணம். (பாட்டி அதிகபட்சம் இரண்டு. மூன்றாவது பாட்டிக்கு மானேஜர் போட்டோ கேட்பார்.) வயிற்றுப்போக்கு என்று எழுதினால் மறுபேச்சே கிடையாது. உடனே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் தனியாக எடுத்து வைப்பார்கள். ஆனால் 'என் மகனுக்கு வயிற்றுப்போக்கை நான் வரவழைக்க வேண்டியிருப்பதால் இரண்டு நாள் விடுப்புத் தேவை' என்று யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. 2024 ஜூலையில் நான் எழுதினேன்.

மானேஜர் இரண்டு தரம் படித்தார்.

"என்ன சார் இது, வயித்தால போக வைக்கறதுக்கு ரெண்டு நாளா? எங்க தெரு முனையில ஒரு பாஸ்ட் புட் கடை இருக்கு. ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சுடும்."

"கொலனோஸ்கோப்பி சார்."

அந்த வார்த்தைக்கு ஒரு சக்தி இருக்கிறது. சிரிப்பு அப்படியே நின்றது.

"சின்னப் பையனுக்கா?"

"ஏழு வயசு சார்."

பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் சார், இதெல்லாம் பாத்துக்க வீட்ல மிஸஸ் இல்லையா?"

அப்போது ஒரு புன்னகையோடு வந்துவிட்டேன். விரிவான பதில் கீழே.

* * *

பையனுக்கு இரண்டு மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அவனே ஒருநாள் பாத்ரூமிலிருந்து, கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற மாதிரி அமைதியாக, "அப்பா, ரெட் கலர்ல வருது" என்று அறிவித்தான்.

"சூடு" என்றார் மாமியார். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், இளநீர், உச்சந்தலையில் நல்லெண்ணெய் எல்லாம் நடந்தது. சூடு தணிந்தது, ரத்தம் நிற்கவில்லை. ஆபீஸில் பக்கத்து சீட்காரர், "மூலம் சார். எனக்கும் இருக்கு" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். ராத்திரி ஒரு மணிக்கு செல்போனில் தேடிப் பார்த்தால் எல்லா ரத்தமும் ஒரே ஒரு வியாதியில்தான் போய் முடிகிறது. அந்த வியாதியின் பெயரை நானும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இருவரும் தேடியிருக்கிறோம் என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது.

குழந்தைகளுக்கான வயிற்று ஸ்பெஷலிஸ்ட் ஒருவரிடம் போனோம். பரிசோதித்துவிட்டு ஒரு தாளில் குடலைப் படமாக வரைந்தார். ஜிலேபி மாதிரி வந்தது. அதன் கடைசிச் சுற்றில் ஒரு சின்ன உருண்டை வரைந்து, காம்பு போட்டார்.

"இரண்டிலிருந்து பத்து வயசுக்குள்ள, வலியில்லாம ரத்தம் வந்தா பெரும்பாலும் இதுதான் சார். ஜுவனைல் பாலிப்னு பேரு. பெருங்குடல் சுவர்ல காம்போட தொங்கற சதை. அநேகமா கெடுதல் இல்லாதது. ஆனா ஒண்ணு இருக்கா, நிறைய இருக்கான்னு பார்த்தாகணும். நிறைய இருந்தா அது வேற கதை. காமிரா விட்டுப் பார்த்தா, இருக்கறதை அங்கேயே எடுத்துடலாம்."

"ஆபரேஷனா டாக்டர்?"

"வயித்தைக் கிழிக்க மாட்டோம்" என்றார்.

கிழித்துக்கொண்டிருந்த காலமும் இருந்தது. நேராக நிற்கும் குழாய்க்கு எட்டாத இடத்தில் பாலிப் இருந்தால் வயிற்றைத் திறப்பதைத் தவிர வழியில்லை. 1969-ல் நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரியில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரண்டு டாக்டர்கள், வளைந்து கொடுக்கும் குழாயின் வழியே ஒரு கம்பிச் சுருக்கை அனுப்பி, பாலிப்பின் கழுத்தில் மாட்டி, மின்சாரத்தால் அறுத்து எடுத்துக் காட்டினார்கள். இன்று என் பையனுக்கு வயிற்றில் தழும்பில்லை என்றால் அந்தச் சுருக்குக் கயிறுதான் காரணம்.

டாக்டர் எழுந்திருக்கும்போது சொன்னார்: "என் வேலை அரை மணி நேரம். உங்க வேலைதான் ரெண்டு நாள். குடல் சுத்தமா இருந்தாத்தான் எனக்குத் தெரியும். இல்லைன்னா பட்டினி, மருந்து, மயக்கம் எல்லாம் இன்னொரு நாள் முதல்லேர்ந்து."

* * *

கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். இரண்டு நாள் முன்பிருந்தே கீரை, கேழ்வரகு, விதை உள்ள பழம் கிடையாது. பையன் குடித்துக்கொண்டிருந்த இரும்புச் சத்து டானிக்கைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தியாயிற்று. அது குடலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு காமிராவை மறைக்குமாம். முந்தைய நாள் காலை இரண்டு இட்லி. அதற்கப்புறம் 'தெளிந்த திரவம் மட்டும்'.

'தெளிந்த' என்றால் என்ன என்பதில் வீட்டில் பட்டிமன்றம் நடந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் சுலபமான டெஸ்ட் ஒன்று சொன்னார். கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்துத் தெரிய வேண்டும். இந்தக் கணக்கில் இளநீர் பாஸ். வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ் பாஸ். கடையில் விற்கும் தெளிந்த ஆப்பிள் ஜூஸ் பாஸ். பால் பெயில், மோர் பெயில், அரிசிக் கஞ்சி பெயில்.

மாமியார் ரசத்துக்காகக் கடைசி வரை வாதாடினார். "தெளிவா இறுத்துத் தரேன் மாப்ள. பேப்பர் என்ன, பேப்பர்ல வர்ற கல்யாண விளம்பரமே தெரியும்." நர்ஸ் மறுத்துவிட்டார். பட்டினி வயிற்றில் மிளகாயும் புளியும் வேண்டாம். உப்பு மட்டும் போட்ட காய்கறி சூப்பை வடிகட்டிக் கொடுங்கள் என்றார்.

சிவப்பும் ஊதாவும் மட்டும் எந்த ரூபத்திலும் கூடாது. மாதுளை, பீட்ரூட், தர்பூசணி, கறுப்புத் திராட்சை, ரோஸ் மில்க், சிவப்பு ஜெல்லி எல்லாம் தடை. உள்ளே கிடக்கும் சிவப்பு ஜெல்லியும் ரத்தமும் காமிராவுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

அடுத்து, மருந்துப் பவுடர். ஒரு பாக்கெட்டை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதில் பையனின் எடைக்குத் தக்கபடி ஒன்றரை லிட்டர். மாலையில் ஒரு லிட்டர், மறுநாள் விடியற்காலையில் அரை லிட்டர். (இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளாதீர்கள். அளவும் மருந்தும் குழந்தைக்குக் குழந்தை மாறும். உங்கள் டாக்டர் எழுதிக் கொடுப்பதுதான் கணக்கு.)

"இதுக்குப் போயி ஒன்றரை லிட்டரா? ஒரு கரண்டி வெளக்கெண்ணெய் குடுத்தா மத்தியானத்துக்குள்ள சுத்தம்" என்றார் மாமியார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டப்பட்ட தலைமுறைதான் நானும். அதனால் இந்தக் கேள்வியை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். விளக்கெண்ணெய் குடலை விரட்டும். இந்தப் பவுடர் குடலைக் கழுவும். இதுதான் வித்தியாசம். விளக்கெண்ணெய் குடலைச் சீண்டி, முறுக்கி, உள்ளே இருப்பதைத் தள்ளிவிடும். வயிறு வலிக்கும். ஆனால் சுவர் பளிச்சென்று இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பவுடரின் பெயர் பாலிஎதிலீன் கிளைக்கால். உடம்பு இதை உறிஞ்சிக்கொள்ளாது. குடித்த தண்ணீரையும் உறிஞ்ச விடாமல் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு, வாய்க்காலில் மடை திறந்த மாதிரி அடித்துக்கொண்டு வெளியே வரும். கூடவே உப்புகள் கணக்காகச் சேர்த்திருப்பதால் உடம்பின் உப்பு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. 1980-ல் அமெரிக்காவில் டேவிஸ், ஃபோர்ட்ரான் என்ற டாக்டர்களின் குழு இந்தக் கலவையின் கணக்கைப் போட்டுக் கொடுத்தது. அதற்கு முன்பெல்லாம் இரண்டு மூன்று நாள் நீராகாரம், பேதி மருந்து, எனிமா.

நடுவில் மானிட்டால் என்ற சர்க்கரை மாதிரியான சரக்கையும் கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை ருசித்துச் சாப்பிட்டு ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கின. மின்சாரக் கம்பி உள்ளே போகிற இடத்தில் ஹைட்ரஜன்! உள்ளேயே வெடித்து நோயாளி இறந்துபோன சம்பவம் 1979-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பாஸ்பேட் உப்புக் கலந்த பேதி மருந்துகளை அளவு மீறிக் கொடுத்தால் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படலாம் என்று 2014-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. ஆகவே மெடிக்கல் ஷாப்பில், "வயிறு க்ளீன் ஆக ஏதாவது குடுங்க" என்று வாங்கி வருகிற விவகாரம் இல்லை இது.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெளக்கெண்ணெய் எங்கயும் வெடிச்சதா நான் கேள்விப்படல" என்றார்.

* * *

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லியோடு பந்தி முடிந்தது. வீட்டில் நானும் சாப்பிடுவதில்லை என்று முடிவு. மனைவியும் சேர்ந்துகொண்டாள். மாமியார் சர்க்கரைக்காரர், அவரை மட்டும் மூன்றாவது வீட்டுக்கு அனுப்பிச் சாப்பிட்டுவரச் சொன்னோம். அடுப்பு அணைந்தது. தாளிக்கிற வாசனை கூட வரக் கூடாது என்று ஏற்பாடு. ஆனால் கீழ் போர்ஷனில் அன்றைக்கென்று பார்த்து மெதுவடை சுட்டார்கள்.

பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மோந்து பார்த்தான். பிறகு என் பக்கத்தில் வந்தான்.

"அப்பா, நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஏண்டா?"

"சாப்பாடு குடுக்க மாட்டேங்கறீங்களே."

நான் பதில் சொல்வதற்குள் அவனே குற்றப் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தான். டைரியில் ஒரு பக்கத்தைக் கிழித்தது. பாட்டியின் கண்ணாடியை ஒளித்து வைத்தது. பக்கத்து பெஞ்சுப் பையனின் ரப்பரைத் திருப்பித் தராதது. மொத்தம் ஆறு. ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, எதற்கு இந்தத் தண்டனை என்று என் முகத்தைப் பார்த்துத் தேடினான்.

குழந்தைகளுக்கு மருந்தும் பட்டினியும் தண்டனையாகத்தான் படும். "ஒண்ணும் இல்லடா, சும்மா" என்று சமாளிக்கலாம். அந்த 'சும்மா' அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரி ஊசியைப் பார்த்ததும் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு நாம் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டான்.

பாத்ரூமுக்குக் கூட்டிப் போனேன். நீல வாளியில் தண்ணீர் பிடித்து, துளசிச் செடித் தொட்டியிலிருந்து இரண்டு பிடி மண் அள்ளிப் போட்டுக் கலக்கினேன். ஒரு ரூபாய்க் காசை உள்ளே போட்டேன்.

"காசு எங்கே?"

குனிந்து பார்த்தான். "தெரியல."

வாளியைச் சாய்த்து ஊற்றி, மறுபடி தண்ணீர் பிடித்தேன். கலங்கல் கொஞ்சம் குறைந்தது. மறுபடி ஊற்றி, மறுபடி பிடித்தேன். நாலாவது தரம் காசு அடியில் மின்னியது.

"உன் வயித்துக்குள்ள இந்த மாதிரி ஒரு காசு இருக்குன்னு டாக்டர் நினைக்கறார். அதுலேர்ந்துதான் ரத்தம் வருது. நாளைக்கு உன்னைத் தூங்க வெச்சுட்டு, சின்ன காமிரால தேடப் போறார். தண்ணி கலங்கலா இருந்தா அவருக்குத் தெரியாது. அதுக்குத்தான் சாப்பாடு இல்லை. நீ ஒரு தப்பும் பண்ணலை."

யோசித்தான். "காசை அவர் எடுத்துப்பாரா?"

"எடுத்துடுவார்."

"திருப்பித் தருவாரா?"

"நமக்கு வேண்டாத காசுடா அது."

"சரி. அப்ப அந்த ரப்பர் மேட்டரை மிஸ் கிட்ட சொல்லாதே" என்றான்.

நாலு வாளித் தண்ணீர் போன சத்தத்தில் ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். உண்மையான செலவு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று அவருக்குத் தெரியாது.

* * *

மாலை நாலு மணி. மருந்தை பிரிட்ஜில் வைத்துச் சில்லென்று ஆக்கியிருந்தோம். ஒரு மடக்கு நான் ருசி பார்த்தேன். மெரினாவில் அலை முகத்தில் அடித்து வாயில் கொஞ்சம் போகுமே, அதில் எலுமிச்சை எசென்ஸ் விட்ட மாதிரி. இதை ஏழு வயதுப் பையனிடம் ஒன்றரை லிட்டர் விற்க வேண்டும். என்னுடைய சேல்ஸ் அனுபவத்தில் இவ்வளவு கஷ்டமான சரக்கு வந்ததில்லை.

நூறு மில்லி டம்ளர், பத்து நிமிஷத்துக்கு ஒன்று. காலண்டர் தாளின் பின்பக்கம் பத்துக் கட்டம் போட்டேன். பத்து டம்ளர், பத்து ஓவர். ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் அவனே டிக் அடிக்கலாம். ஸ்டிராவை நாக்கின் பின்பக்கமாக வைத்து உறிஞ்சினால் ருசி குறைவாகத் தெரியும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். முடித்ததும் ஒரு எலுமிச்சை மிட்டாய். (மஞ்சள். சிவப்பு இல்லை.)

முதல் மூன்று ஓவர் அபாரம். நாலாவதில் வாந்தி. பேட்ஸ்மேன் ரிட்டயர்ட் ஹர்ட். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். "அரை மணி நேரம் நிறுத்துங்க. அப்புறம் சின்னச் சின்ன வாயா மெதுவா ஆரம்பிங்க. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பி ரொம்ப வலிச்சாலோ, குழந்தை துவண்டு போனாலோ, யூரின் போகலைன்னாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்றார் நர்ஸ். மழை இடைவேளை அறிவிக்கப்பட்டது.

இடைவேளைக்குப் பின் டம்ளரைப் பார்த்தாலே வாயை மூடிக்கொண்டான். மாமியார் பொறுமையிழந்து, "குடிக்கலைன்னா மூக்குல ட்யூப் விடுவாங்க ராசா" என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. குடிக்கவே முடியாத குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியே மெல்லிய குழாயில் மருந்து ஏற்றுவது உண்டு. அது ஒரு உதவி. அதைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டால், நாளைக்கு அது நிஜமாகவே தேவைப்படும் குழந்தையின் கதி என்ன?

பேரம் பேசினோம். ஓவருக்கு ஆறு பந்து. ஆறு வாயில் ஒரு டம்ளர். ஒவ்வொரு பந்துக்கும் நான் கமென்ட்டரி. ஆறாவது ஓவரில் விக்கெட் விழ ஆரம்பித்தது.

(சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடவும்.)

ஒவ்வொரு தடவையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது தாளில் இருந்த உத்தரவு. நான் பாத்ரூம் வாசலில் க்வாலிட்டி கன்ட்ரோல் இன்ஸ்பெக்டராக உட்கார்ந்தேன். ஐந்தரைக்கு சாம்பார். ஆறேகாலுக்கு ரசவண்டி. ஏழு மணிக்கு ரசம். எட்டு மணிக்கு ரசத்தின் மேல் தெளிவு. கடைசியில் வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ் மாதிரி, அடியில் ஒன்றும் இல்லாமல் வர வேண்டும். அதுதான் பாஸ் மார்க். (மாமியார் கேட்ட ரசத்துக்கு இப்படியாவது வீட்டில் இடம் கிடைத்தது.)

எட்டுத் தடவைக்கு மேல் போனால் பிஞ்சுத் தோல் எரியும். காகிதம் வேண்டாம்; தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, தேங்காய் எண்ணெய் தடவினோம். நடுநடுவே இளநீர், சூப். வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் உப்பு குறையும்.

மானேஜரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். மிஸஸ் இருந்தாள். ஆனால் இது இரண்டு ஆள் வேலை. டம்ளர் பக்கம் ஒருவர், பாத்ரூம் பக்கம் ஒருவர். நடுவில் ஷிப்ட் மாற வேண்டும். தவிர, ஏழு வயதுப் பையன் அம்மாவிடம் அழுவான், அப்பாவிடம் பேரம் பேசுவான். அன்றைக்கு இரண்டும் தேவைப்பட்டது. ஒன்பது மணிக்கு அவளுடைய மடியில் பத்து நிமிஷம் அழுதுவிட்டு எழுந்து வந்து, "இன்னும் எத்தனை ஓவர்ப்பா?" என்று என்னிடம் கேட்டான். ஆஸ்பத்திரியின் அரை மணி நேரத்துக்கு ஆயிரம் மெஷின் இருக்கிறது. வீட்டின் இரண்டு நாளுக்கு நாம்தான். இளைஞர்கள் பாட்டிகளைச் சாகடித்துக் காஷுவல் லீவைத் தீர்த்துவிடாமல் கொஞ்சம் சேர்த்து வைப்பது நல்லது.

* * *

விடியற்காலை நாலு மணிக்கு, அசந்து தூங்கும் குழந்தையை அதே உப்புத் தண்ணீர் குடிக்க எழுப்புவதுதான் அந்த இரண்டு நாளிலும் கஷ்டமான வேலை. பாக்கி ஐந்து டம்ளர். கண்ணை மூடிக்கொண்டே குடித்தான். ஐந்தேகாலுக்கு பாத்ரூமிலிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல்:

"அப்பா! ஓடி வா! இப்ப காசு தெரியும்!"

போய்ப் பார்த்தேன். டம்ளருக்குப் பின்னால் பேப்பர் பிடித்துப் படிக்கலாம். மாடியில் ஹவுஸ் ஓனர் வீட்டு லைட் எரிந்தது.

ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கூடக் கிடையாது. வயிற்றில் எதுவும் இருந்தால் மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து. மயக்க டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார்: கடைசியாக என்ன குடித்தான், எத்தனை மணிக்கு? "தண்ணி. அஞ்சே முக்கால்" என்று பையனே பதில் சொன்னான். ஊசி போடும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தவன், ஆறோடு நிறுத்திவிட்டான். பிடி தளர்ந்தது. கதவு மூடியது.

நானும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. கான்டீனிலிருந்து காபி வாசனை வந்தது. வாங்கத் தோன்றவில்லை. அந்தச் சொல்லாத வார்த்தை எங்கள் இருவருக்கும் நடுவே மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

முப்பத்தைந்து நிமிஷம் கழித்து டாக்டர் வந்தார்.

"ஒரே ஒரு பாலிப் சார். சின்னத் திராட்சை சைஸ். எடுத்தாச்சு. பெருங்குடல் முழுக்கப் போய்ப் பார்த்துட்டேன், வேற எங்கயும் இல்லை. ஒண்ணுதான்னு தைரியமா சொல்றேன், ஏன்னா உள்ளே எல்லாம் தெரிஞ்சுது. நல்லா க்ளீன் பண்ணிக் கொண்டாந்திருக்கீங்க."

காலேஜ் கான்வொகேஷனில் கூட எனக்கு இப்படித் தொண்டை அடைத்ததில்லை.

ரிப்போர்ட்டில் 'பாஸ்டன் ஸ்கோர் 8' என்று எழுதியிருந்தது. 2009-லிருந்து டாக்டர்கள் வைத்திருக்கும் மார்க் ஸிஸ்டம் அது. பெருங்குடலை மூன்று பகுதியாகப் பிரித்து, சுவர் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க். மொத்தம் ஒன்பது. எங்கள் வம்சத்தில் ஒன்பதுக்கு எட்டு என்பது எண்பத்தொன்பது சதவிகிதம், யாரும் தொட்டதில்லை. போனில் மாமியாருக்குப் பெருமையாகச் சொன்னேன்.

"மீதி ஒரு மார்க் எங்க போச்சு மாப்ள?" என்றார்.

ஆறு நாள் கழித்து பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. ஜுவனைல் பாலிப்தான், பயப்படும்படி எதுவும் இல்லை. அந்த வியாதியின் பெயரை நானும் மனைவியும் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னோம், 'இல்லை' என்ற வார்த்தையோடு சேர்த்து.

காரமும் சிவப்பும் கொஞ்ச நாள் வேண்டாம் என்ற தடை அன்றோடு நீங்கியது. ராத்திரி டிபனுக்கு, கண் கூசும் சிவப்பில் தக்காளிச் சட்னி. பையன் ஐந்தாவது இட்லியைப் பிய்த்துக்கொண்டே, ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்த போட்டோவை இழுத்து வைத்துப் பார்த்தான்.

"இதான் அந்தக் காசாப்பா?"

"ஆமாண்டா."

திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத்தனூண்டுக்கா பதினஞ்சு டம்ளர்?" என்று கேட்டுவிட்டு, சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.